கோப்பி விரியனும் லயக்காம்பராவும்: விஷத்தோடு வாழ்ந்த ஒரு வரலாறு

மலையக மக்களின் வரலாறு என்று பேசத் தொடங்கினால் நாங்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் சொல்லுவோம். மன்னார்க் கரை, மாத்தளை வரைக்கும் காட்டுப்பாதை, வாந்திபேதி, கோப்பி, தேயிலை, கங்காணி, 1948, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், ஆயிரம் ரூபா. 2023-இல் 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனபோதும் இந்தக் கதைதான் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதுதான்.

இந்த வரிசையில் அட்டைக்கும் ஓர் இடம் உண்டு. "அட்டை கடிச்ச காலு" என்று சொன்னாலே மலையகம் என்று எல்லாருக்கும் விளங்கும். பாம்புக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அட்டை ரத்தத்தைக் குடித்துவிட்டு விழுந்துவிடும். பாம்பு உயிரையே எடுத்துவிடும். அப்படி இருந்தும் எங்கள் வரலாற்று எழுத்தில் பாம்பு வருவதே அபூர்வம். ஏன்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நாங்கள் சில பேர் இந்தக் கட்டுரைக்காக வாசிக்கத் தொடங்கினோம். எங்களில் பாதிப் பேர் வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். மிச்சப் பேர் பதுளை, பண்டாரவளை. கலைப்பீடத்தில் படிக்கிறோம், விலங்கியல் படிக்கவில்லை. அதனால் இது பாம்புகளைப் பற்றிய கட்டுரை என்பதைவிட, பாம்புகளுக்கும் எங்கள் வீடுகளுக்கும் நடுவில் உள்ள சுவரைப் பற்றிய கட்டுரை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அயலவர்கள் யார்?

வெலிமடையை ஒரு தடவையாவது பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே மூன்று விதமான நிலம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. மேலே தேயிலை மலை. நடுவில் பத்தனைப் புல்வெளியும் மானாவும் கிழங்கு, போஞ்சி, கரட் போட்ட தோட்டங்களும். கீழே உமா ஓயாவின் பள்ளத்தாக்கில் படிப்படியாக நெல்வயல். நிலம் மாறும்போது பாம்பும் மாறும்.

வயலும் எலியும் இருக்கும் இடத்தில் கண்ணாடி விரியன் இருக்கும். புற்றும் பழைய சுவரும் இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். தேயிலைத் தூரிலும் ஏலத்தோட்டத்திலும் பச்சை விரியன் இலையோடு இலையாகச் சுருண்டு கிடக்கும். இது இலங்கைக்கு மட்டுமே உரிய பாம்பு. இது தரையில் இல்லாமல் செடியில் இருப்பதால் கடி காலில் விழுவதைவிடக் கையில்தான் கூடுதலாக விழும். கொழுந்து எடுக்கிறவர்களின் கையில். பொதுவாக உயிர் போகாது, ஆனால் வீக்கமும் வலியும் லேசுப்பட்டதில்லை.

இவை எல்லாவற்றையும்விட எங்களுக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. ஒரு முழம் நீளம்கூட வராத, மூக்கு நுனி கொஞ்சம் மேலே தூக்கினமாதிரி உள்ள, காய்ந்த இலை நிறத்துப் பாம்பு. சிங்களத்தில் குணகட்டுவா, பொலொன் தெலிஸ்ஸா என்பார்கள். இலங்கைத் தமிழில் அதற்குக் கோப்பி விரியன் என்று ஒரு பெயர் வழங்குகிறது. இலங்கையில் விஷப்பாம்புக் கடிகளில் ஆகக் கூடுதலானவை இந்த இனத்தாலேயே வருகின்றன. 2009-இல் களன மதுவகே, அஞ்சன சில்வா, கெலும் மனமேந்திர ஆராச்சி, ரொஹான் பெத்தியாகொட ஆகியோர் இந்தப் பாம்புக் குடும்பத்தை மறுபடி ஆராய்ந்து மூன்று இனங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். அதில் ஒன்று மத்திய மலைநாட்டுக்குரியது, இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதது.

"கோப்பி விரியன்" என்ற பெயரைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நிறத்தால் வந்த பெயரோ, கோப்பித் தோட்டத்தில் கண்டதால் வந்த பெயரோ, எப்படிப் பார்த்தாலும் இந்த நாட்டில் கோப்பியை அறிந்த ஒரு வாய்தான் அதைச் சொல்லியிருக்க முடியும். கோப்பி அழிந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. பெயர் மட்டும் ஒரு பாம்பின் மேல் ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

சிலந்தியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். திவிமகுளுவா என்று சிங்களத்திலும் புலிமுகச் சிலந்தி என்று தமிழிலும் சொல்லப்படும் பெரிய சிலந்திகள் மரப்பொந்திலும் பழைய கட்டடங்களிலும் வாழ்கின்றன. கை அகலத்துக்கு ஒன்றைச் சுவரில் பார்த்தால் யாருக்கும் மூச்சு நின்றுவிடும்தான். கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும், சில நாளைக்கு அது திரும்பத் திரும்ப வரலாம். ஆனால் இந்தக் கடியால் மனிதர் இறந்ததாகப் பதிவு இல்லை. மாறாக, வெளிநாட்டில் செல்லப்பிராணியாக வளர்க்கப் பிடித்துக்கொண்டு போவதால் அதற்குத்தான் ஆபத்து. 2019-இல் இலங்கை கேட்டுக்கொண்டபடி இந்தச் சிலந்திகள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆக, பயத்துக்கும் ஆபத்துக்கும் எப்போதும் ஒரே அளவு இருப்பதில்லை. பெரிய சிலந்தியைக் கண்டு அலறுகிற அதே வீட்டில், ஒரு முழத்துக்கும் குறைந்த பாம்பை "சின்னதுதானே" என்று விளக்குமாற்றால் தள்ளுவார்கள்.

இந்த அயல் எப்படி உருவானது?

"காட்டுக்குள்ள போய் வீடு கட்டினா பாம்பு வரத்தானே செய்யும்" என்று கொழும்பிலிருந்து சொல்வது சுலபம். காட்டுக்குள் வீடு கட்டியது யார் என்பதுதான் வரலாறு.

1830-களுக்குப் பிறகு கோப்பிக்காக மலைநாட்டுக் காடுகள் வேகமாக வெட்டப்பட்டன. வெட்டி, காயவிட்டு, எரித்து, சாம்பலில் நாற்று நட்டார்கள். செருப்பில்லாத காலோடு அந்த வேலையைச் செய்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் முன்னோர். 1869-இல் கோப்பி இலையில் துரு நோய் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது எங்கள் ஊவாவின் மடுல்சீமையில்தான். அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. பயிர் மாறியது, லயம் மாறவில்லை.

லயத்தின் அமைப்பை ஒரு பாம்பின் கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும்? நீளமாக ஒரே கூரை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள், சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டி இரட்டை வரிசை. முன்னால் இஸ்தோப்பு. இஸ்தோப்பின் ஓரத்தில் விறகுக் கட்டு. பின்னால் மண்ணை வெட்டி எடுத்த சரிவு, சரிவின் அடியில் கான். கான் ஓரம் கோழிக்கூடு. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் எலி. பீலிக்கரைக்குப் போகிற பாதையில் தவளை. வெயிலில் சூடான கல்லும், மழையில் ஒதுங்க இடுக்கும், சாப்பிட எலியும் தவளையும் எல்லாம் ஒரே இடத்தில்.

யாரும் பாம்பை வளர்ப்பதற்காக லயம் கட்டவில்லை. ஆனால் குறைந்த செலவில் கூடுதலான ஆட்களை அடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய கட்டடம், பாம்புக்கும் வசதியாகப் போய்விட்டது. துரையின் பங்களாவுக்கு எதிரில் வெட்டிய புல்தரை இருந்தது, அதைப் பார்த்துக்கொள்ளத் தோட்டக்காரன் இருந்தான். புல்தரை அழகுக்கு மட்டும் இல்லை. பாம்பு வந்தால் தூரத்திலேயே தெரியும். லயத்துக்கு முன்னால் அப்படி ஒரு தரை வைக்க நிலமும் இல்லை, வெட்டிப் பராமரிக்க நேரமும் இல்லை.

பெயர் இருப்பவர்களும் இல்லாதவர்களும்

ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் குடியேற்ற அரசின் செயலாளராக இருந்தவர். 1861-இல் இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரு சம்பவம் வருகிறது. 1854 மார்ச் மாதம், பிந்தன்னைப் பக்கத்துக் காட்டுப்பாதையில் அவருடைய நண்பர் ஒருவர் வேறு சில அதிகாரிகளோடு குதிரையில் போகிறார். எதிரே இரண்டு தமிழர்கள் வருகிறார்கள். அதில் ஒருவர் திடீரென்று காட்டுக்குள் பாய்ந்து, ஒரு நாகத்தைத் தலையையும் வாலையும் பிடித்துக்கொண்டு வருகிறார். கூடைக்குள் போடும்போது அது அவருடைய விரலில் கடித்துவிடுகிறது. மற்றவர் உடனே மடியிலிருந்து இரண்டு கறுப்புக் கற்களை எடுத்துக் கடிவாயில் ஒட்டுகிறார். கல் ரத்தத்தை உறிஞ்சிக் கீழே விழுகிறது. கடிபட்டவர் எழுந்து விரலைச் சொடுக்கெடுத்துக்கொண்டு நடந்து போய்விடுகிறார்.

பிந்தன்னை என்றால் இன்றைய மஹியங்கனைப் பக்கம், பதுளை மாவட்டம். அதாவது இது எங்கள் மாகாணத்தின் கதை.

அந்தக் கல்லைத் தமிழில் பாம்புக் கல் என்று சொல்வதாக டெனன்ட் எழுதுகிறார். பிறகு அதை லண்டனுக்கு அனுப்பி, மின்சார ஆராய்ச்சியில் புகழ்பெற்ற மைக்கேல் பரடேயிடமே சோதிக்கக் கொடுத்தார். பரடே சொன்ன முடிவு, அது கருக்கப்பட்ட எலும்புத் துண்டு என்பது. இன்றைக்கு மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது, பாம்புக் கல் விஷத்தை எடுக்காது. கடித்த பாம்பு எப்போதும் விஷத்தை இறக்குவதில்லை. அதனால்தான் கல்லும் மந்திரமும் பலித்தமாதிரித் தெரியும்.

எங்களை இழுத்தது வேறொன்று. இந்தக் கதையில் டெனன்டுக்குப் பெயர் இருக்கிறது. பரடேக்குப் பெயர் இருக்கிறது. பாம்பைப் பிடித்தவருக்கும், கல் வைத்தவருக்கும் பெயர் இல்லை. "இரண்டு தமிழர்கள்", அவ்வளவுதான். அவர்கள் தோட்டத்துக்கு வந்தவர்களா, பாம்பாட்டிகளா, எங்கே போய்க்கொண்டிருந்தார்கள், எதுவும் கேட்கப்படவில்லை. கல்லுக்குக் கிடைத்த கவனம் கல் வைத்திருந்த கைக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த பெரிய புத்தகம் 1921-இல் கொழும்பில் வெளியான இலங்கைப் பாம்புகள் பற்றிய நூல். எழுதியவர் பிராங்க் வோல், இந்திய மருத்துவ சேவையில் டொக்டராக இருந்தவர், நுவரெலியாவில் பிறந்தவர். அவருடைய தகப்பன் ஜோர்ஜ் வோல் கோப்பி வியாபாரத்தில் பெரும்புள்ளி, தோட்டத்துரைமார் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். கோப்பிக் குடும்பத்தின் பிள்ளை பாம்புகளின் செதிலை எண்ணிப் பட்டியல் போட்டார். மதிப்பான வேலைதான், இன்றைக்கும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள். அதே கோப்பிக் காட்டில் கடிபட்டுச் செத்தவர்களின் பட்டியலை யாரும் அப்படிப் பொறுமையாகப் போடவில்லை.

பாம்பு ஏன் எங்கள் வரலாற்றில் இல்லை என்ற கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான். வாந்திபேதி கூட்டமாகக் கொன்றது. அது துரைமாரின் தொழிலாளர் எண்ணிக்கையைப் பாதித்தது, அதனால் கடிதங்களிலும் அறிக்கைகளிலும் ஏறியது. பாம்பு ஒருவர் ஒருவராகக் கொன்றது. ஒருவர் குறைந்தால் பிரட்டுக்களத்தில் ஒரு பெயர் குறையும். அதற்காக யாரும் கவர்னருக்குக் கடிதம் எழுதமாட்டார்கள்.

கடித்த பிறகு எங்கே போவது?

1912-இல் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டங்களில் மருந்தகம், மருந்து ஐயா என்ற ஏற்பாட்டை ஒழுங்குபடுத்தியது. ஆனால் பாம்புக் கடிக்கு அங்கே கொடுக்கப் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. பாம்பு விஷத்துக்கான முறிமருந்து அப்போதுதான் உலகத்துக்கே புதிது. 1895 அளவில் பிரான்சின் அல்பர்ட் கல்மெட் நாக விஷத்துக்கு முதல் முறிமருந்தை உருவாக்கினார். சில வருடங்களிலேயே பிரேசிலின் வைட்டல் பிரேசில் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்: ஒரு நாட்டுப் பாம்புக்குச் செய்த மருந்து இன்னொரு நாட்டுப் பாம்புக்கு வேலை செய்யாது. எந்தப் பாம்பின் விஷமோ அந்தப் பாம்புக்குத்தான் மருந்து. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

அதனால் கடிபட்டவர்கள் விஷக்கடி வைத்தியரிடம் போனார்கள். தோட்டத்தில் ஒரு தாத்தா பார்வை பார்ப்பார், வேப்பிலை அடிப்பார். அவரால் முடியாவிட்டால் நாட்டுப்புறத்து வெதமாத்தயாவிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் நடுவில் ஆயிரம் சண்டை இருந்தாலும் விஷக்கடி என்றால் கதவு திறக்கும். இனக்கலவரங்களின் வரலாற்றை மட்டுமே படித்துவிட்டு வருகிற எங்களைப் போன்றவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்பிக்கையிலும் அப்படித்தான். நாகத்தை நாங்களும் அடிப்பதில்லை, சிங்களவர்களும் அடிப்பதில்லை. எங்களுக்கு அது நாகம்மா, புற்றுக்குப் பால் வைப்போம். அவர்கள் இறந்த உறவினர் ஒருவர் பாசத்தால் திரும்பி வந்ததாக நினைத்து, சட்டியில் பிடித்துக் கொண்டுபோய் தூரத்தில் விடுவார்கள். ராத்திரியில் பாம்பு என்ற சொல்லையே எடுக்கக்கூடாது, "பூச்சி" என்றுதான் சொல்லணும் என்று எங்கள் அம்மாயிமார் அதட்டியிருக்கிறார்கள். சொன்னால் வந்துவிடுமாம். இந்தப் பூச்சி என்ற சொல்லுக்குள்ளே எத்தனை மரணம் ஒளிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறோம். பெயர் சொல்லாமல் இருப்பதும் வரலாற்றிலிருந்து மறைவதற்கு ஒரு வழிதான்.

நாகத்துக்குக் கிடைத்த மரியாதை மற்றப் பாம்புகளுக்குக் கிடைக்கவில்லை. எலி பிடித்து எங்களுக்கு உதவி செய்கிற சாரை அடிபடும். வீட்டுச் சுவரில் பல்லி தேடி வருகிற வெள்ளிக்கோல் வரையன், கட்டுவிரியன் என்று நினைத்து அடிபடும். மரக்கறிப் பாத்தியில் மண்புழு தின்று வாழ்கிற சின்னஞ்சிறு மண் பாம்புகள் மண்வெட்டியில் துண்டாகும். இவற்றில் எதற்கும் மனிதனைக் கொல்லும் விஷம் கிடையாது.

கடலைக் கடந்து வரும் மருந்து

இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து வழமையாக இந்தியாவிலிருந்து வருகிறது. அது நான்கு இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் குதிரைக்கு ஏற்றிச் செய்வது: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அந்த விஷத்தின் பெரும்பங்கு நீண்டகாலமாக ஓரிடத்திலிருந்து வந்தது. சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1972-இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அதன் பின் பாம்புத்தோல் வியாபாரம் ஒடுங்கியபோது பிழைப்பை இழந்த இருளர்கள், ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்களின் துணையோடு, பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து விற்கும் தொழிலுக்கு மாறினார்கள். 2023-இல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. டெனன்டின் புத்தகத்தில் பெயரில்லாமல் போன "இரண்டு தமிழர்கள்" ஞாபகம் வந்தார்கள். 170 வருடம் கழித்து, பாம்பு பிடித்த இரண்டு தமிழர்களுக்கு ஒரு அரசாங்கப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது.

ஆனால் வைட்டல் பிரேசில் சொன்ன விஷயம் இங்கேதான் இடிக்கிறது. இந்த மருந்தில் கோப்பி விரியனின் விஷம் இல்லை. பச்சை விரியனின் விஷமும் இல்லை. எங்கள் வீட்டு வாசலில் கூடுதலாகக் கடிக்கிற பாம்புக்கு, ஆஸ்பத்திரி அலுமாரியில் இருக்கும் மருந்து உதவாது. கோப்பி விரியன் கடித்தால் பெரும்பாலானவர்களுக்கு வீக்கமும் வலியும் புண்ணும்தான். ஆனால் சிலருக்கு ரத்தம் உறையாமல் போகிறது, சிறுநீரகம் பழுதாகிறது, சிலர் இறந்தும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்யக்கூடியது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதும், தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வதும்தான். ஒரு காலத்தில் டொக்டர்மாரே இதை ஆபத்தில்லாத பாம்பு என்று நினைத்தார்கள். "சின்னதுதானே" என்ற எண்ணம் லயத்தில் மட்டும் இருந்ததில்லை.

மருந்து இருக்கிற பாம்புகளுக்கும் கதை சுலபமில்லை. 2011-இல் வெளியான ஒரு ஆய்வில், இலங்கை ஆஸ்பத்திரிகளில் விஷமுறிவு மருந்து ஏற்றப்பட்ட 1007 பேரில் நூற்றுக்கு 75 பேருக்கு அந்த மருந்தே ஒவ்வாமையைக் கொடுத்தது. முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை குறையும் என்பதையும் அதே ஆய்வுதான் கண்டது. இலங்கைப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டே, கோப்பி விரியன் இனத்தையும் சேர்த்து, பேராதனைப் பல்கலைக்கழகமும் கொஸ்டாரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனமும் இணைந்து ஒரு மருந்தை உருவாக்கிப் பரிசோதித்திருக்கின்றன. எங்களுக்கு வேண்டியது அந்த வழிதான்.

எத்தனை பேர் கடிபடுகிறார்கள்? 2012 - 2013இல் நாடு முழுவதும் 165,665 பேரை வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுத்த கணக்கெடுப்பு 2016-இல் வெளியானது. ஒரு வருடத்தில் ஏறக்குறைய 80,000 கடி, 30,000 பேருக்கு விஷம் ஏறியது, 400 மரணம் என்பது அதன் மதிப்பீடு. ஆஸ்பத்திரிப் பதிவுகளில் இருந்தது இந்தக் கடிகளில் ஏறக்குறைய பாதிதான். மிச்சப் பாதி ஆஸ்பத்திரிக் கணக்குக்கு வெளியே இருந்தது. அடுத்த வருடமே, 2017-இல், உலக சுகாதார நிறுவனம் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் முதல் வரிசையில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது நோயா, நோய் வருகிற ஆட்களா என்று கேட்டால் பதில் ஒன்றுதான்.

மலை காடாகும்போது

இப்போதைய கதைக்கு வருவோம். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசாங்கத்துக்கு வந்தன. 1992-இல் நிர்வாகம் கொம்பனிகளுக்குப் போனது. அதன் பிறகு பல தோட்டங்களில் ஆள் குறைந்தது, புல் வெட்டுவது குறைந்தது, சில மலைகள் முழுக்கக் கைவிடப்பட்டு மானாவும் கொடியும் ஏறிவிட்டன. 2015-இல் கிளைபோசேட் களைகொல்லி தடை செய்யப்பட்டது, தேயிலைக்கு 2018-இல் தடை நீங்கியது. 2021-இல் இரசாயன உரமும் மருந்தும் ஒரேயடியாக நிறுத்தப்பட்டு, சில மாதத்தில் அந்த முடிவு கைவிடப்பட்டது. களைகொல்லி நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: கொழும்பில் ஒரு வர்த்தமானி வந்தால் எங்கள் மலையில் புல்லின் உயரம் மாறும். புல்லின் உயரம் மாறினால், கொழுந்து எடுக்கப் போகிறவர் கால் வைக்கும் இடம் தெரியாமல் போகும்.

அந்தப் புல்லுக்குள் பாம்பு மட்டும் இல்லை. இன்றைக்குத் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டால் பாம்பைவிடக் குளவிக்குத்தான் பயம் என்பார்கள். குளவி என்று நாங்கள் சொல்வதில் உண்மையில் இரண்டு உண்டு. பெரிய மரத்திலும் பாறையிலும் தொங்குகிற பெருந்தேனீ ஒன்று, தேயிலைத் தூருக்குள்ளும் கூடு கட்டுகிற குளவி மற்றது. கூடு கலைந்தால் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் ஆஸ்பத்திரிக்குப் போவதை மலையகச் செய்திகளில் அடிக்கடி வாசிக்கிறோம். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். கொழுந்து நிறுவைக்கு நேரமாகிவிட்டால் நடுங்கக்கூட நேரம் கிடையாது.

இங்கே சட்டம் ஒரு கோடு கீறுகிறது. 1934-ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்கலாம். மலையில் குளவி கொட்டினால் அது வேலைக் காயம் என்று வாதாட இடம் உண்டு. அதே ஆள் வேலை முடிந்து லயத்துக்கு வந்து, விறகு எடுக்கக் கை வைக்கும்போது கோப்பி விரியன் கடித்தால்? அது வீட்டில் நடந்த விபத்து. ஆனால் அந்த வீடு அவருடையதா? நிலம் கொம்பனியின் கையில், லயம் தோட்டத்தின் சொத்து. கூரை மாற்றக்கூட அனுமதி கேட்க வேண்டிய வீட்டில், கானைச் சீமெந்து போட்டு மூடுவதற்கு யார் பொறுப்பு? கடிபடும்போது மட்டும் அது எங்கள் சொந்த வீடாகிவிடுகிறது.

ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற கோரிக்கையை இந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்பதுதான் நாங்கள் கடைசியாக வந்து சேர்ந்த இடம். காணி உரிமையை நாங்கள் மானம், வாக்கு, அடையாளம் என்று பேசுகிறோம், சரிதான். அதோடு, காணி உரிமை என்றால் வீட்டைச் சுற்றி ஆறடி துப்புரவாக வைக்கும் உரிமை. விறகுக்குத் தரையை விட்டு உயரமாக ஒரு பரண் கட்டும் உரிமை. கக்கூசுக்குப் போகும் பாதையில் ஒரு பல்பு போடும் உரிமை. பாம்பு எங்கேயும் போகப் போவதில்லை, போகவும் வேண்டாம். எலியை யார் பிடிப்பது? ஆனால் அதற்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு நல்ல சுவர் வேண்டும்.

அதுவரைக்கும், தெரிந்ததைச் செய்யலாம். இருட்டில் டோர்ச் இல்லாமல் இறங்காதீர்கள். விறகிலும் கானிலும் பார்க்காமல் கை விடாதீர்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிட்டு, 1990-க்கு அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கிற வேலை வேண்டாம். கோப்பி விரியன்தானே என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

இன்னொன்றும் செய்யலாம். உங்கள் தோட்டத்தில் வயதானவர்களிடம் கேளுங்கள்: கோப்பி விரியனை நீங்க என்ன பேர் சொல்லுவீங்க? யாரைக் கடிச்சிச்சு? எந்த வருசம்? எங்க தூக்கிட்டுப் போனீங்க? அந்தப் பதில்களைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். பிரட்டுக் கணக்கில் வெட்டப்பட்ட பெயர்களை வேறு யாரும் தேடப்போவதில்லை.